விளம்பரம் எழுதப் பழக: கோர்ஸா, கொப்பியா, கடை வாசலா?

போன மாதம் பெறாமகள் கேட்டாள்: “சித்தப்பா, விளம்பரம் எழுதப் பழகிறதெண்டால் காசு கட்டிப் படிக்கிறதோ, நானே எழுதிப் பார்க்கிறதோ?” ஏ.எல். எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிற பிள்ளை. கையில் நேரம் இருக்கிறது, போன் இருக்கிறது, டேட்டா மட்டும் அளவாக இருக்கிறது. கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் இப்படி எத்தனையோ பிள்ளைகள். நான் மூன்று வழியிலும் போய்ப் பார்த்தவன் என்பதால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்லைன் கோர்ஸ். இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. ஹப்ஸ்பொட் அக்கடமி என்ற இணையத்தளத்தில் காசில்லாமல் படித்துச் சான்றிதழும் எடுக்கலாம், ஆனால் ஆங்கிலம் ஓரளவு ஓட வேண்டும். கோர்ஸின் பலம் ஒழுங்கு. முதலில் கவனத்தைப் பிடி, பிறகு ஆர்வத்தை ஊட்டு, விருப்பத்தைக் கிளப்பு, கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று சொல் என்ற பழைய நான்கு படி ஒழுங்கைத் தெரிந்து வைத்திருந்தால், எழுதியது ஏன் வேலை செய்யவில்லை என்று தேட ஓர் இடமாவது கிடைக்கும். என்னுடைய முதல் நோட்டீஸில் போன் நம்பரே இல்லை. கடைசிப் படி ஒன்று இருக்கிறது என்று தெரியாத காலம் அது.

காசு கட்டியும் படித்தேன். ஆறு கிழமை, சூமில் வகுப்பு. இலவசமாகக் கிடைக்கிற அதே பாடம்தான் தமிழில் வந்தது. நான் எழுதி அனுப்பிய ஐந்து பயிற்சியில் ஒன்றுகூடத் திருத்தி வரவில்லை. கோர்ஸுக்குக் காசு கொடுப்பது திருத்தத்துக்காகத்தான், பாடத்துக்காக இல்லை. அதனால் சேரும் முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “என்ர எழுத்தை எத்தனை தரம் திருத்தித் தருவீங்கள்?” பதில் தெளிவாக வராவிட்டால் அந்தக் காசை டேட்டாவுக்குப் போடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. கோர்ஸில் வருகிற உதாரணங்கள் முன்பின் தெரியாத ஆட்களுக்கு விற்பவனுக்கானவை. ‘இன்று மட்டும்’ என்று அவசரப்படுத்து என்பார்கள். நம்மூரில் கடைக்காரரின் தகப்பனையும் தெரியும், அவர் கடை போட்ட ஆண்டும் தெரியும். இன்று மட்டும் என்ற பனர் அடுத்த கிழமையும் தொங்கினால் அந்தக் கடையின் சொல்லுக்கே பெறுமதி போய்விடும். இங்கே உண்மையான அவசரம் வேறு. காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வருகிற மாசி, பங்குனியில் சனம் வாங்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் வாங்கும். எந்தக் கோர்ஸிலும் இந்தக் கலண்டர் இல்லை.

இரண்டாவது வழி, நல்ல விளம்பரங்களைக் கையால் கொப்பியில் எழுதிப் பார்ப்பது. அமெரிக்க விளம்பர எழுத்தாளர்கள் பலர் இதைச் சொல்வார்கள். நான் மூன்று மாதம் செய்தேன். கையெழுத்து அழகானது, எழுத்து அவ்வளவாக மாறவில்லை. வெறுமனே பார்த்து எழுதும்போது கை வேலை செய்கிறது, மூளை தூங்கிவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்ளின் சிறுவயதில் செய்த முறை இதைவிட மேல். ஸ்பெக்டேட்டர் என்ற இதழின் கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதி வைத்துவிடுவார். சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் குறிப்பை வைத்துத் தானே எழுதி, பிறகு இரண்டையும் ஒப்பிட்டுத் தன் பிழையைத் திருத்துவார். இதற்கு ஆசிரியரே தேவையில்லை, மூலமே திருத்தித் தரும்.

எதை எடுத்து எழுதுவது என்பதில்தான் சிக்கல். ஆங்கில விளம்பரத்தைப் பார்த்து எழுதினால் அதன் யோசனை வரும், தமிழின் ஓசை வராது. ஆகவே யோசனைக்கு ஆங்கிலம், காதுக்குத் தமிழ் என்று பிரித்துக்கொண்டேன். வானொலியில் கேட்கிற நல்ல விளம்பரத்தை ஒலிப்பதிவு செய்து எழுதிப் பாருங்கள். காதுக்காக எழுதப்பட்டதால் சொற்கள் குறுகலாக, மூச்சு விடுகிற இடத்தில் முடியும். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகிற அறிவித்தல்கூட நல்ல பாடம். ஓட்டோ தெருவைத் தாண்டுவதற்குள் விசயத்தைச் சொல்லி முடிக்க வேண்டுமே.

அப்புறம் மூன்றாவது வழி. நான் பெரிதாக நம்புவது இதைத்தான். தெரிந்த ஒரு கடைக்குச் சும்மா எழுதிக் கொடுப்பது, அதற்கு முன் அந்தக் கடையில் போய் இருப்பது.

முல்லைத்தீவுப் பக்கம் கருவாடு போடுகிற அக்கா ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். ‘தரமான, சுவையான, சுகாதாரமான கருவாடு. இன்றே அழையுங்கள்.’ ஒருவரும் அழைக்கவில்லை. அவருக்குக் கவலை, எனக்கு வெட்கம். பிறகு இரண்டு காலை அவருடைய கடையில் போய் இருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் கருவாட்டைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு ஐயா கேட்டே விட்டார்: “பிள்ளை, மண் கடிபடாதோ?”

அக்காவின் கருவாடு மணலில் காய்வதில்லை. தடி நட்டு, இடுப்பளவு உயரத்தில் வலை கட்டி, அதன் மேல்தான் பரப்புவார். அவருக்கு அது தினசரி வேலை, சொல்ல வேண்டிய ஒன்றாகத் தோன்றவில்லை. அன்று பின்னேரம் மாற்றி எழுதினேன்: ‘மண் கடிபடாத கருவாடு. மணலில் காயவிடுவதில்லை, இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிக் காயவிடுகிறோம்.’ கீழே வலையின் படமும் போன் நம்பரும். அந்தக் கிழமையே கோல் வந்தது. வவுனியாவில் இருந்து எடுத்த ஒருவர் முதலில் கேட்டது அந்த வலையைப் பற்றித்தான்.

இதை விளம்பரத்துறையின் பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விளம்பர எழுத்தாளர் கிளோட் ஹொப்கின்ஸ் ஷ்லிட்ஸ் என்ற பியருக்கு எழுதப் போனபோது, தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போத்தல்களை எப்படி நீராவியில் கழுவுகிறார்கள் என்று எழுதினார். மற்றக் கம்பனிகளும் அப்படித்தான் செய்தன, ஆனால் யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்னொரு பேர்போன விளம்பர எழுத்தாளர் டேவிட் ஒகில்வி, விளம்பரத்துறைக்கு வருமுன் 1930களில் ஸ்கொட்லாந்தில் வீடு வீடாக ‘ஆகா’ என்ற பெயருள்ள அடுப்பு விற்றவர். ரோல்ஸ் ரொய்ஸ் காருக்கு எழுதுவதற்கு முன் மூன்று கிழமை அந்தக் காரைப் பற்றி வாசித்துக்கொண்டே இருந்தார். மணிக்கு 60 மைல் ஓடும்போது காருக்குள் கேட்கிற பெரிய சத்தம் மணிக்கூட்டுச் சத்தம்தான் என்ற அந்தப் பேர்போன 1958ஆம் ஆண்டுத் தலைப்பு அப்படி வாசித்ததில் அகப்பட்டது.

முறிகண்டியில் பஸ் நிற்கும்போது பாருங்கள். கச்சான் விற்பவர் சுவையைப் பற்றிப் பேசுவதே இல்லை. வறுத்த சூடு ஆறாத கடதாசிச் சரையைக் கையில் தந்துவிடுவார்.

கடை வழியிலும் குறை இருக்கிறது. திருத்த ஆள் இல்லை, பிழை நடந்தால் நட்டம் கடைக்காரருக்கு. சும்மா எழுதிக் கொடுப்பதையே வழக்கமாக்கிவிட்டால் பிறகு காசு கேட்க வாய் வராது. அதனால் மூன்று கடை, அதற்கு மேல் இலவசம் இல்லை என்று முதலே சொல்லிவிட வேண்டும்.

சரி, சட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றும் பெறாமகள் கேட்டாள். பத்துத் தலைப்பைத் தா என்றால் ஒரு நொடியில் தரும், தட்டிக்கொட்டிப் பார்க்க நல்லது. ஆனால் அது தருகிற தமிழ் பெரும்பாலும் அக்கரைத் தமிழ், அதாவது இந்தியத் தமிழ். நாங்கள் விலைக்கழிவு என்கிற இடத்தில் தள்ளுபடி என்று போடும், வெதுப்பகம் என்று பெயர்ப்பலகை இருக்கிற கடைக்கு பேக்கரி என்று எழுதும். அந்த ஐயாவின் மண் கேள்வியும் அதற்குத் தெரியாது. போய்க் கேட்டு வந்தவர் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

ஆகவே அவளுக்கு நான் சொன்ன வரிசை இது. முதல் மாதம் ஒரு கடையில் போய் இரு, வாங்க வருகிறவர்கள் சொல்வதை அப்படியே கொப்பியில் எழுது. அதோடு சேர்த்து கிழமைக்கு இரண்டு விளம்பரம் பிராங்ளின் முறையில். இலவசக் கோர்ஸ் அதற்குப் பிறகு. அப்போதுதான் அதில் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் உன் கையில் ஓர் உதாரணம் இருக்கும். காசு கட்டுகிற கோர்ஸ், திருத்தித் தருகிற ஆளைக் கண்டால் மட்டும்.

இப்போது பின்னேரங்களில் வீட்டுக்குப் பக்கத்து வெதுப்பகத்தில் இருக்கிறாள். நேற்று கொப்பியைக் காட்டினாள். முதல் பக்கத்தில், பாண் வாங்க வந்த ஒரு தாய் சொன்னதைத் தேதி போட்டு எழுதியிருக்கிறாள்: “கரை மெத்தெண்டு இருந்தால் தாங்கோ, என்ர பிள்ளையள் கரையைக் கழிச்சுப்போட்டுத்தான் தின்னுங்கள்.”