மணாலியில வாடகை கார் எடுத்து லடாக்ல இருக்கற லே போறவங்க தயவுசெஞ்சு படிங்க, 43,000 ரூபா ஏமாந்துட்டு வந்திருக்கேன்

நேத்து ராத்திரிதான் பொள்ளாச்சி வந்து சேந்தோம். பேக் இன்னும் பிரிக்கல, ஆனா இத எழுதாம எனக்குத் தூக்கம் வராது. மணாலி லே ரோடு தொறந்திருக்கற மாசத்துல நம்ம ஊர்ல இருந்து எத்தன பேர் போறாங்க, அதுல ஒரு குடும்பமாவது தப்பிக்கட்டும்.

நானு, வீட்டுக்காரம்மா, மச்சான் மூணு பேரும் போனோம். ஆன்லைன்ல செல்ஃப் டிரைவ் கார் புக் பண்ற ஒரு ஆப்ல, மணாலியில பிக்கப்னு போட்டு 8 நாளைக்கு 28,000 ரூபா முழுசா கட்டிட்டேன். வாடகைக்கு விடுற கருப்பு போர்டு வண்டினு போட்டோவோட இருந்துச்சு. கடைக்குப் போனா நிக்கிறது வெள்ளை போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கற வண்டி. கேட்டதுக்கு அந்த ஓனர் சிரிச்சுகிட்டே தோள்ல கைய போட்டு, "அது சர்வீஸ்ல இருக்கு பாய், இது எங்க சொந்த அண்ணன் வண்டி, அதவிட நல்ல கண்டிஷன்"னு சொன்னான். மச்சான் புனேல வேல பாத்தவன், இந்தி நல்லா வரும், அவன வச்சு ரெண்டு தடவ கேட்டேன், லே தாண்டி இருக்கற பாங்காங் ஏரி, நுப்ரா பள்ளத்தாக்கு எல்லாம் போலாமானு. ஆல் லடாக் பர்மிட் இருக்குன்னான். போன்ல பாங்காங் ஏரி முன்னாடி இதே வண்டி நிக்கிற போட்டோ காட்டுனான். வீட்டுக்காரம்மாவுக்கு குளுருதுன்னு உள்ள இருந்து ஒரு சால்வை எடுத்துட்டு வந்து குடுத்து, திரும்பி வரும்போது குடுத்தா போதும் பெஹன்ஜினு சொன்னான். அந்த சால்வையிலதான் நான் விழுந்துட்டேன். டெபாசிட் 15,000 ஆப்ல கட்டாம அவன் நம்பருக்கே ஜிபே பண்ணுங்க, உடனே திருப்பித் தர வசதியா இருக்கும்னான், பண்ணிட்டேன். ஆக மொத்தம் 43,000. கெளம்பும்போது கடைசியா ஒண்ணு சொன்னான், "வழியில யாராவது கேட்டா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லுங்க." அப்பவே சாவிய அவன் மூஞ்சில எறிஞ்சுட்டு வந்திருக்கணும்.

மலை ரோடு எனக்குப் புதுசு இல்ல. ஆழியார்ல இருந்து வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு, இருபது வயசுல இருந்து மழையிலயும் பனியிலயும் ஏறி எறங்குறேன். கொல்லிமலை 70 வளைவும் ஓட்டியிருக்கேன். ஆனா அங்க கணக்கே வேற. நம்ம தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர், மணாலி லே ரோட்ல வர்ற தங்லங் லா (லான்னா கணவாய்) 5,328, ரெண்டு மடங்குக்கும் மேல. அந்த உயரத்துல காத்தோட அழுத்தம் கீழ இருக்கறதுல பாதிக்குப் பக்கத்துல வந்துடுது, மனுசனுக்கு மூச்சு வாங்குற மாதிரியே டர்போ இல்லாத பெட்ரோல் இஞ்சினுக்கும் இழுவை கொறஞ்சுடும், நம்ம ஊர்ல மூணாவது கியர்ல போற ஏத்தத்துல அங்க முதல் கியர்தான். அதனால கிளட்ச்சுக்கு வேல ஜாஸ்தி, நல்ல கிளட்ச்சா இருந்தா தாங்கும், தேஞ்சதா இருந்தா அங்கதான் கைவிடும்.

முதல் நாள் அடல் டனல் தாண்டி ஜிஸ்பால தங்கிட்டோம், ஒரு பிரச்சனையும் இல்ல. ரெண்டாவது நாள் விடியக்காலமே கெளம்பி பாரலாச்சா லா ஏறி எறங்கி, சர்ச்சு தாண்டி கட்டா லூப்ஸ் ஆரம்பிச்சுது. 21 வளைவு. ஆறாவதோ ஏழாவதோ, எதிர்ல ஒரு டேங்கர் லாரி வந்துச்சுன்னு நிறுத்தி மறுபடி எடுத்தா இஞ்சின் மட்டும் உறுமுது, வண்டி நகரல. ஆக்ஸிலேட்டர மிதிக்க மிதிக்க ஆர்பிஎம் ஏறுது, சக்கரம் நத்தை மாதிரி உருளுது, அப்பறம் கருகுன நாத்தம். இந்தப் பக்கம் மண்ணு, அந்தப் பக்கம் பள்ளம், போன்ல ஒரு பாயிண்ட் சிக்னல் இல்ல. வீட்டுக்காரம்மாவுக்கு காலையில இருந்தே தலைவலி, அங்க நிறுத்துனதும் வாந்தி எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, உதடு வெளுத்துப் போச்சு. நான் சக்கரத்துக்குக் கல்லு வைக்கிறேன், மச்சான் அவங்கள புடிச்சிட்டு நிக்கிறான். அந்த முக்கா மணி நேரத்த நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

பின்னாடி வந்த ஒரு லாரி டிரைவர்தான் காப்பாத்துனாரு. இஞ்சின ஆஃப் பண்ணி சூடு ஆறட்டும்னு சொல்லி, எங்க பேக் எல்லாத்தையும் அவர் லாரியில ஏத்திகிட்டு, மச்சானையும் கூட்டிகிட்டு, முதல் கியர்லயே வா, கிளட்ச் மேல கால வைக்காத, நடுவுல நிக்காதன்னு சொல்லி எங்க முன்னாடியே போனாரு. பாங்ங்கற எடம் வரைக்கும் அப்படியே வந்தோம். அங்க ராணுவ கேம்ப்ல வீட்டுக்காரம்மாவுக்கு ஆக்ஸிஜன் குடுத்தாங்க. காசு வாங்கல அந்த லாரிக்காரரு, ஒரு டீ கூட வாங்கிக்கல.

லே வந்து சேரும்போது ராத்திரி பத்து. மறுநாள் மெக்கானிக் பிரிச்சுப் பாத்துட்டு கிளட்ச் பிளேட்ட என் கையில வச்சாரு. ரிவெட் தலையெல்லாம் உரசி உரசி வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு, பிடிமானம் குடுக்கற லைனிங்னு ஒண்ணு இல்லவே இல்ல. இது ரெண்டு நாள்ல தேஞ்சது இல்ல, போன சீசன்லயே மாத்தியிருக்கணும்னு சொன்னாரு. 11,500 ரூபா, என் காசு. அதையாவது பொறுத்துக்குவேன். தங்குன வீட்டம்மா வண்டிய பாத்துட்டு, இது வாடகை வண்டியானு கேட்டாங்க. ஆமான்னதும், வெளியில இருந்து வாடகைக்கு எடுத்த வண்டிய லேவுல இருந்து நுப்ரா, பாங்காங் பக்கம் விடமாட்டாங்க, உள்ளூர் டாக்ஸிக்காரங்க செக் பண்ணி நிறுத்திடுவாங்கன்னு சொன்னாங்க. பலவருசமா இருக்கற வழக்கமாம் அது. மணாலியில கடை போட்டிருக்கறவனுக்கு தெரியாதா? தெரிஞ்சேதான் சொல்லியிருக்கான். நாலு நாள் வண்டி வீட்டு முத்தத்துல நின்னுச்சு. கர்துங் லாவ டாக்ஸி பின்சீட்ல உக்காந்து பாத்தேன். அந்த ரோட்ட நான் ஓட்டணும்னுதாங்க ரெண்டு வருசமா காசு சேத்தது.

திரும்பி மணாலி வந்து டெபாசிட் கேட்டா, தோள்ல கை போட்ட அதே ஆளு மூஞ்சியே பாக்கல. "சமவெளி ஆளுங்களுக்கு மலையில ஓட்டத் தெரியாது, கிளட்ச்ச பாதி மிதிச்சபடியே ஓட்டி எரிச்சுட்டீங்க, 15,000 அதுக்கே சரியாப் போச்சு"ன்னான். என்னையப் பாத்து! பழைய பிளேட்ட பையில இருந்து எடுத்து மேஜை மேல வச்சேன், மெக்கானிக் பில்லக் காட்டுனேன், திரும்பிக்கூட பாக்காம சால்வை எங்கன்னு கேட்டான்.

ஆப்காரங்க அதுக்கும் மேல. சாட்ல எழுதுனா வெண்டார்கிட்ட, அதான் வண்டி குடுத்த ஓனர்கிட்ட பேசுங்க. வெண்டார்கிட்ட கேட்டா பணம் ஆப்லதான் இருக்கு, அங்க பேசுங்க. மறுபடி சாட், டெபாசிட் எங்க மூலமா கட்டலயே சார், அதுக்கு நாங்க பொறுப்பு இல்ல. சரி, ஓட்டாத நாலு நாள் வாடகை? 48 மணி நேரத்துல பதில் வரும். வந்துச்சு, வண்டி ஒப்படைச்சாச்சு, டிரிப் முடிஞ்சுது, கம்ப்ளைண்ட் குளோஸ். போட்டோல கருப்பு போர்டு, குடுத்தது வெள்ளை போர்டுனு மூணு தடவ எழுதுனேன், அதுக்கு மட்டும் யாருமே பதில் சொல்லல. 43,000 ரூபா. கிளட்ச் தனி, டாக்ஸி தனி.

இன்னிக்குக் காலையில 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சிருக்கேன், பாப்போம்.

போறவங்களுக்கு வெவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது, முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். கருப்பு போர்டுல மஞ்சள் எழுத்து இல்லாத வண்டிய வாடகைக்குத் தொடாதீங்க, ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான். நுப்ரா, பாங்காங் ஓட்டணும்னா லேவுலயே வண்டி எடுங்க. எடுக்கும்போது சமதளத்துல ஹேண்ட் பிரேக் போட்டு மூணாவது கியர்ல கிளட்ச்ச மெல்ல விடுங்க, இஞ்சின் ஆஃப் ஆகணும், ஆகாம ஓடிகிட்டே இருந்துச்சுன்னா கிளட்ச் போச்சு, அந்த வண்டி வேண்டாம். டெபாசிட்ட தனி ஆள் நம்பருக்கு அனுப்பாதீங்க. நம்ம ஊர் பிரீபெய்டு சிம் லடாக்ல எடுக்காது, போஸ்ட்பெய்டு வச்சுக்கோங்க. வெயில் ஏற ஏற பனி உருகி ரோட்டுக் குறுக்க ஓடுற தண்ணி பெருசாகும், அதனால காலையிலயே கெளம்புங்க.

தேஞ்ச பிளேட்ட தூக்கிட்டேதான் ஊர் வந்திருக்கேன், பீரோவுல பத்திரமா இருக்கு. வண்டி நம்பர இங்க போடல, இந்த சீசன்ல மணாலியில வண்டி புக் பண்ணியிருக்கறவங்க தனியா கேளுங்க, சொல்றேன்.