பெங்களூரில் பழைய எஸ்டிஎஃப்-8300எம் வாங்கலாமா?

டெலஸ்கோப்பில் மாட்டி வானத்தைப் படம் எடுக்கும், எஸ்பிஐஜி நிறுவனத்தின் இந்தக் கூல்டு சிசிடி (சென்சாரைக் குளிர்விக்கும்) கேமரா இனி செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும்; உள்ளே இருக்கும் கேஏஎஃப்-8300 சென்சாரின் தயாரிப்பே நின்றுபோனது. 3326 × 2504 பிக்சல், ஒவ்வொன்றும் 5.4 மைக்ரான். கருப்பு வெள்ளை என்பதால் நிற ஃபில்டர்களை மாற்றும் ஃபில்டர் வீலின் செலவு தனி. 500 மி.மீ. குவியத்தூர டெலஸ்கோப்பில் ஒரு பிக்சல் வானத்தில் 2.2 ஆர்க் செகண்டை (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்) பிடிக்கும். அல்சூர் மொட்டை மாடிக்கு அதுவே தாராளம்.

விற்பவர் காட்டும் நெபுலா படத்தை நம்பி விலை பேசாதீர்கள். கூலரைப் பாருங்கள். -10 டிகிரி வைத்து இருபது நிமிடம் விடுங்கள். அறை 25 டிகிரியில் இருக்கும்போது கூலர் பவர் 85 சதவீதத்துக்குள் நிலைத்தால் நல்லது. 100இல் முட்டிக்கொண்டு நின்றால் ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது மெல்லிசான நீள ஒயரில் வோல்டேஜ் விழலாம். இவை சில்லறை வேலை: எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 12 வோல்ட் 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) தடித்த ஒயரும் வாங்கினால் தீர்ந்தது. அப்படியும் இறங்காவிட்டால் குளிரூட்டும் பெல்டியர் தகடே போயிருக்கும். கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஜனவரியில் -20 வரைகூட இறங்கும். ஆனாலும் -10ஐ மாற்றாதீர்கள். ஏறக்குறைய 6 டிகிரிக்கு ஒருமுறை டார்க் கரண்ட் (வெளிச்சமே இல்லாமல் சூட்டால் சென்சாரில் சேரும் சிக்னல்) இரட்டிப்பாகும். வெப்பநிலை மாறினால் அதைக் கழிக்க மூடிபோட்டு எடுத்துவைத்த டார்க் படங்கள் எல்லாம் வீண்.

இந்த ஊரில் சூடு பிரச்சினையே இல்லை, ஈரம்தான் எமன். ஜூன் முதல் அக்டோபர் வரை சென்சார் இருக்கும் சேம்பருக்குள் ஈரம் புகுந்தால் சென்சார் மேல் உறைந்து, படத்தின் நடுவில் கோலப்பொடி சிந்தியதுபோல் திட்டுத்திட்டாகத் தெரியும். ஃபிளாட் (சீரான வெளிச்சத்தை எடுத்து, தூசி நிழலைத் திருத்தும் படம்) போட்டாலும் போகாது. பின்பக்கம் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பிளக்கைக் கழற்றி, ஓ-ரிங்கை மறக்காமல் எடுத்துவிட்டு (ரப்பர் வெந்துவிடும்), ஓடிஜி அடுப்பில் 175 டிகிரியில் நான்கு மணி நேரம் வையுங்கள். திரும்ப மாட்டியதும் கூலரைப் போடக்கூடாது. ஒரு நாள் விடுங்கள்.

ஃபிளாட்டுக்கு எல்இடி பேனல் வைப்பவர்கள் வெளிச்சத்தை டிம்மரால் குறைக்காமல் வெள்ளைத் தாள் அடுக்கிக் குறைப்பது நல்லது. மலிவான டிம்மர் சிமிட்டிச் சிமிட்டிக் கோடு போடும். எக்ஸ்போஷர் 3 செகண்டாவது இருக்கட்டும்.

புதிய ஏஎஸ்ஐ533எம்எம் கேமராவோடு ஒப்பிட்டால்? ரீட் நாய்ஸ் (சென்சாரைப் படிக்கும்போது சேரும் இரைச்சல்) இதில் 9 எலக்ட்ரான், அதில் ஒன்றிரண்டுதான். நகர வெளிச்சத்தில் லூமினன்ஸ் (நிறம் பிரிக்காத முழு ஒளி) எடுக்கும்போது வானத்தின் இரைச்சலே இதை மூழ்கடித்துவிடும், வித்தியாசம் தெரியாது. ஹைட்ரஜன் ஆல்ஃபா ஃபில்டரில் (நெபுலாவின் சிவப்பு ஒளியை மட்டும் விடுவது) தெரியும்: அதில் 3 நிமிடத்தில் ஆகும் வேலைக்கு இதில் 10 முதல் 15 நிமிடம் திறந்துவைக்க வேண்டும், கைடிங் (விண்மீனை டெலஸ்கோப் பின்தொடர்வது) கொஞ்சம் தடுமாறினால் முழு ஃபிரேமும் குப்பை. பதிலுக்கு 18 × 13.5 மி.மீ. பரப்பு கிடைக்கிறது, 533ஐப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2 × 2 பின்னிங் (நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்ப்பது) சிப்பிலேயே நடப்பதால் ரீட் நாய்ஸ் ஒருமுறைதான் சேரும்.

533இன் விலையில் பாதி கேட்டால் வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்கு, கூலர் சரியாக இருந்து, நீங்கள் மாறொளிர் விண்மீன்களின் (ஒளி கூடிக் குறைபவை) பிரகாசத்தை அளக்கிறவர் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.