பயோகேஸ் ஸ்லரி: வாழைக்கு நேரா விடவா, குழில மக்க வெச்சு போடவா?

சாணில எரிவாயு எடுக்குற பிளாண்ட்ல இருந்து வெளித்தொட்டிக்கு வர்ற ஸ்லரிய (வாயு போக மிஞ்சுற சாணிக் கரைசல்), தண்ணில கலக்கி அப்படியே வாழைக்கு விடலாம், இல்லன்னா சருகு போட்டு மக்க வெச்சு உரமாக்கலாம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டுக்கும் ஆள் இருக்கு.

சத்துன்னு பாத்தா நேரா விடுறதுதான் மேல். பிளாண்டுக்குள்ள சாணி நைட்ரஜன்ல ஒரு பங்கு அம்மோனியமா மாறிடுது, அத வேர் சட்டுனு எடுத்துக்கும், ஆனா வெயில் பட்டா அதே சத்து அம்மோனியாவா காத்துல போயிடும். அதனால மேலோட்டமா ஊத்திட்டு வராம, ஏத்தன் (நேந்திரன்) வாழைன்னா மூட்ட விட்டு கொஞ்சம் தள்ளி வட்டமா சால் எடுத்து, சம அளவு தண்ணியாவது சேத்து, வெயில் தாழ்ந்த பிறகு விட்டு உடனே மண்ணு மூடிடணும். தொட்டில இன்னும் குமிழி வந்துட்டே இருந்தா செரிமானம் முடியலன்னு அர்த்தம், ரெண்டு வாரம் திறந்து போட்டுட்டு எடுங்க.

சமையல் கழிவு பிளாண்டுன்னா, கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தோட நார்டெப் அமைப்பு செஞ்ச சக்தி சுரபி மாதிரி, சோறு கறில உள்ள உப்பும் கூடவே வரும், இன்னும் நல்லா தண்ணி சேக்கணும்.

நேரடி வழில எனக்கு பயம் கெணறுதான். பிரிட்டன்ல இந்த மாதிரி கழிவ கெணத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள போடக்கூடாதுன்னு விதி, நம்ம பத்து சென்ட் விளைல (தோட்டத்துல) அவ்வளவு தூரத்துக்கு எங்க போக? அதுலயும் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஒண்ணு, ஐப்பசி கார்த்திகை ஒண்ணுன்னு ரெண்டு மழை, மழைக்கு முன்னால விட்டா பாதி ஓடைக்கும் கெணத்துக்கும்தான் போகும். இன்னொண்ணு, வீட்டு பிளாண்டு சூடு புழு முட்டைய முழுசா கொல்லாது, பச்சையா திங்குற வெள்ளரிக்கும் கீரைப் பாத்திக்கும் நேரா விடவே விடாதீங்க.

அங்கதான் குழி வேணும். தை மாசில உதிர்ற ரப்பர் சருகு, தென்னை ஓலைத் துண்டு, இதெல்லாம் அடுக்கி மேல ஸ்லரிய ஊத்துனா அது ஈரத்த உறிஞ்சி வெச்சுக்கும், குவியல் 55 டிகிரிக்கு மேல நாலஞ்சு நாள் சூடாகி, கிளறி விட்டு மறுபடி சூடேறுனா கிருமி பெரும்பாலும் செத்துடும். நைட்ரஜன் கொஞ்சம் போகும், வேலையும் கூட, மூணு மாசமாவது காத்திருக்கணும், குழிக்கு மழை படாம கூரை வேற.

மாசி பங்குனில கெணறு தள்ளி இருக்க வாழைக்கு நேரா விடுவேன், மத்த நேரம் எல்லாம் குழிக்குத்தான். எந்த வழினாலும் பிளாண்ட் தொட்டிய கழுவ உள்ள இறங்காதீங்க, விஷ வாயு மூச்சு நிக்க வைக்கும், காப்பாத்த இறங்குறவரையும் சேத்து கொண்டு போயிடும்.