480 வெள்ளி போச்சு: மாடல் ரயில் இன்ஜினில் சத்தம், புகை, விளக்கு போடக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று ராத்திரி நடந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. கடையின் பெயர் வேண்டாம். ரிமோட் கார், ட்ரோன், மாடல் ரயில் மூன்றும் விற்கும் சின்னக் கடை, சிங்கப்பூரில் பழைய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது.

எச்ஓ அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) நீராவி இன்ஜின் ஒன்றில் சவுண்ட் டிகோடர் (மோட்டார், சத்தம், விளக்கை இயக்கும் சின்ன சர்க்யூட்), ஸ்பீக்கர், புகை யூனிட், முன்னும் பின்னும் எல்இடி போடக் கொடுத்தேன். கடைக்காரர் தன் இன்ஜின் ஒன்றைக் கவுண்டரில் ஓட்டிக் காட்டினார். விசில் அடித்தது, சக்கரம் சுற்றுவதற்கு ஏற்றாற்போல 'சஃப் சஃப்' என்றது. "அண்ணே, இதே மாதிரி செஞ்சு தர்றேன், நம்புங்க" என்றார். அந்த ஒரு நிமிடத்தில் விழுந்துவிட்டேன். 480 வெள்ளியும் அங்கேயே பேநவ்வில் (கைப்பேசிப் பணமாற்று) போனது.

மூன்று வாரம் கழித்துக் கொடுத்தார். கடையில் அரை நிமிடம் ஓட்டிக் காட்டியதோடு சரி. புகை எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று புகையைப் போட்டே காட்டவில்லை. வீட்டில் எண்ணெய் ஊற்றி ஓட்டினால் பத்தாவது நிமிடம் தீய்ந்த வாடை. புகைபோக்கி ஒரு பக்கம் இளகிச் சாய்ந்துவிட்டது. முன்விளக்கு அணைந்தது, பிறகு மொத்தமும் செத்தது.

கூட்டைக் கழற்றிப் பார்த்தால் வயிறு எரிகிறது. எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த 1,000 ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும்: பழுப்பு, கறுப்பு, சிவப்புக் கோடு. இதில் மூன்றாவது கோடும் பழுப்பு, அதாவது 100 ஓம். 12 மில்லிஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 100க்கு மேல் போயிருக்கிறது. ரெசிஸ்டரின் உடம்பே கருகிக் கிடக்கிறது. புகை யூனிட்டின் வயரை நேரே டிகோடரின் பச்சை வயரில் முறுக்கி வைத்திருக்கிறார். இந்த யூனிட் கிட்டத்தட்ட 200 மில்லிஆம்பியர் இழுக்கும். பல டிகோடர்களில் இப்படி விளக்கு, புகையை இயக்கும் ஒரு ஃபங்ஷன் வயர் தாங்குவது 100தான். அந்தச் சுமையைத் தாங்க நடுவில் சின்ன ரிலேயோ டிரான்சிஸ்டரோ வைக்க வேண்டும், வைக்கவில்லை. யூனிட்டின் சூடான அடிப்பகுதி பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது. டிகோடரைக் கறுப்பு டேப்பால் பொட்டலம் மாதிரி சுற்றியிருக்கிறார், சூடு எங்கே போகும்? பிரித்தபோது பசை இளகிக் கையில் ஒட்டியது. ஒரு இணைப்பில்கூட ஈயப்பற்று இல்லை, இணைப்பை மூடும் சுருங்கு குழாய் இல்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுப் புகாத கூடும் இல்லை. சத்தம் தகரம் தட்டியது போல இருந்ததற்கு அதுதான் காரணம்.

படங்களை அனுப்பினேன். முதலில் "உங்க கன்ட்ரோலர்ல வோல்டேஜ் ஜாஸ்திண்ணே." அதே கன்ட்ரோலரில் மற்ற இரண்டு இன்ஜின்களும் தினமும் ஓடுகின்றன. அடுத்து "எண்ணெய் அதிகமா ஊத்திட்டீங்க." அப்புறம் "எலக்ட்ரானிக்ஸுக்கு வாரண்டி கிடையாது, சப்ளையர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை. 480 வெள்ளி! இன்ஜினின் விலை தனி.

கொடுக்கப் போகிறவர்களுக்கு, அவசரமாகச் சில வார்த்தை. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். வாங்கும்போது கூட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டிகோடரின் ஆரஞ்சு, சாம்பல் வயர்கள் இரண்டும் மோட்டாருக்கு மட்டும் போக வேண்டும், இன்ஜின் சட்டத்தைத் தொடவே கூடாது. புகையைப் போட்டு இருபது நிமிடமாவது கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் இல்லை என்றால் இன்னொரு நாள் வாருங்கள், இன்ஜினை எடுக்காதீர்கள். ரசீதில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். என் ரசீதில் 'சவுண்ட் செட் 480' என்று ஒரே வரி.

ஒப்படைத்த 6 மாதத்துக்குள் பொருளில் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் இங்கே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் 'வாரண்டி இல்லை' என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், 2 வருடம் அவகாசம் உண்டு. நாளைக் காலை பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகிறேன், அந்தக் கருகிய ரெசிஸ்டரோடு.