முடித்துவிட்டு விற்பதா, விற்றுக்கொண்டே முடிப்பதா?

கொழும்பில் பகலில் அலுவலக வேலையும் இரவில் ஒரு மின்னூல் அல்லது காணொளிப் பாடநெறியுமாக நாட்களை நகர்த்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். உயர்தர மாணவர்களுக்கான கணக்கீட்டுப் பாடங்கள், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக் கையேடு, வீட்டிலிருந்தே தையல் பழகுவதற்கான காணொளித் தொகுப்பு என்று எண்ணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உற்சாகமாகத் தொடங்கப்படும் இந்த வேலைகளில் பெரும்பகுதி மூன்றாம் நான்காம் பாடத்தோடு நின்றுவிடுகிறது. இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. அலுவலகத்தில் ஓர் அறிக்கை தாமதித்தால் கேட்பதற்கு மேலதிகாரி இருக்கிறார். மின்னூலின் ஐந்தாம் அத்தியாயம் தாமதித்தால் கேட்பதற்கு எவருமில்லை. ஆகவே, வேலையை ஒழுங்குசெய்யும் வழிகளை ஒப்பிடும்போது, எந்த வழி மனத்துக்கு இதமாக இருக்கிறது என்பதைவிட எந்த வழியில் அடுத்த பாடத்துக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெரும்பாலானோர் இயல்பாகத் தெரிவுசெய்யும் முதல் வழி, முழுவதையும் தயாரித்து முடித்த பிறகு வெளியிடுவது. இதற்கு உண்மையான சிறப்புகள் உண்டு. கடைசி அத்தியாயத்தை எழுதும்போதுதான் முதல் அத்தியாயத்தில் எதை விளக்காமல் விட்டோம் என்பது புலப்படும்; அதைத் திரும்பிச் சென்று திருத்துவதற்கு இந்த வழியில் தடையேதும் இல்லை. எவரிடமும் பணம் வாங்கவில்லை என்பதால் வாக்குத் தவறிய குற்றவுணர்வும் இல்லை. ஆனால் அந்தச் சுதந்திரமே வேலையை நீட்டவும் செய்கிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ அவ்வளவு நேரத்தையும் அது பிடித்துக்கொள்ளும் என்று சிரில் நோர்த்கோட் பார்க்கின்சன் 1955இல் ‘த எக்கனோமிஸ்ட்’ இதழில் எழுதினார். முடிவுத் திகதியே இல்லாத வேலைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அட்டைப்படத்தின் நிறத்தை மாற்றுவது, ஒலிவாங்கிகளின் விலையை ஒப்பிடுவது, ஏற்கெனவே பதிவுசெய்த முதல் பாடத்தை மறுபடியும் பதிவுசெய்வது என்று மாலைகள் கழிகின்றன. வேலை செய்த களைப்பு வருகிறது, பாடம் வளர்வதில்லை.

இரண்டாவது வழியைத் தவணை முறை எனலாம். இதில், பாடத்திட்டத்தை முழுமையாக வகுத்து, முதலிரண்டு பாடங்களை மட்டும் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு சிறு குழுவிடம் கட்டணம் பெற்று, வாரம் ஒரு பாடமாகக் கொடுத்துக்கொண்டே மீதியைத் தயாரிக்கிறோம். வட்ஸ்அப் குழு ஒன்றும் வங்கிக் கணக்கு ஒன்றும் இருந்தால் இதைத் தொடங்கிவிடலாம். இங்கே கவனத்தைப் பிடித்துவைப்பது, ஞாயிறு மாலை பாடம் வரும் என்று எதிர்பார்த்திருக்கும் மாணவர்தான். அதோடு, அவர்கள் கேட்கும் கேள்விகள் அடுத்த பாடத்தின் உள்ளடக்கத்தையும் தீர்மானிக்கின்றன. சொத்துகளின் பெறுமதி காலப்போக்கில் குறைவதைக் கணிக்கும் பெறுமானத் தேய்வை ஒரே பாடத்தில் முடித்துவிடலாம் என்று திட்டமிட்ட கணக்கீட்டு ஆசிரியருக்கு, குழுவில் பாதிப் பேர் அதன் ஒரு வகையான குறைந்துசெல்லும் மீதி முறையிலேயே தடுக்கி நிற்கிறார்கள் என்பது இரண்டாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். தனியறையில் இருந்து முழுவதையும் எழுதுபவருக்கு அந்தத் தகவல் விற்பனைக்குப் பிறகுதான், அதுவும் முறைப்பாடாக வந்து சேரும்.

தவணைத் திகதிகளின் பயன் ஆய்விலும் பார்க்கப்பட்டிருக்கிறது. டான் அரியலியும் கிளாவுஸ் வெர்ட்டன்புரோக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், மூன்று கட்டுரைகளில் உள்ள பிழைகளைக் கண்டுபிடிக்கும் வேலை சிலரிடம் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்குச் சம இடைவெளியில் திகதிகள் விதிக்கப்பட்டன. இன்னொரு பிரிவினர் தாமே திகதிகளைக் குறித்துக்கொண்டனர். மற்றவர்கள் இறுதி நாளில் மூன்றையும் ஒன்றாகக் கொடுத்தால் போதும். அதிகப் பிழைகளைக் கண்டவர்கள் முதற்பிரிவினர், குறைவாகக் கண்டவர்கள் கடைசிப் பிரிவினர், தாமே திகதி குறித்தவர்கள் இடையில் நின்றனர். நாட்காட்டியில் நமக்கு நாமே வட்டமிடும் திகதி பயனற்றதல்ல, ஆனால் பிறருக்குக் கொடுத்த திகதியின் பலம் அதற்குக் கிடையாது என்றே இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

எனினும் முன்பணம் பெறுவதன் சுமையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. காய்ச்சலில் படுத்தாலும் வாரம் நிற்காது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை அனுபவித்த ஊர் இது. அப்படியொரு வாரத்தில் காணொளியைத் தொகுத்துப் பதிவேற்றுவது எவராலும் இயலாது. அதனால் கொடுத்த பாடத்துக்கு இரண்டு பாடங்களேனும் முன்னே நிற்பதை இந்த வழியின் விதியாகவே கொள்ள வேண்டும். இடையில் நிறுத்த நேர்ந்தால் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு பணம் திருப்பித் தரப்படும் என்பதையும் கட்டணம் கேட்கும் அறிவித்தலிலேயே எழுதிவிட வேண்டும். மேலும், எல்லாப் பொருட்களுக்கும் தவணை முறை பொருந்தாது. வரி விபரங்களைத் தாக்கல் செய்வதற்கான வழிகாட்டி போன்றவற்றை வாசகர் தொடர்ச்சியாகப் படிப்பதில்லை. தேவையான பக்கத்தைத் தேடி எடுக்கிறார். பாதி வழிகாட்டி அவருக்கு உதவாது, ஒரு பக்கத்தின் பிழை அவருக்குப் பணநட்டமாகவும் முடியலாம். அத்தகைய நூலை முழுமையாக எழுதி, துறை தெரிந்த ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுத்த பின் வெளியிடுவதே முறை.

அன்றாட நேரத்தைப் பகிர்வதிலும் இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கிய பொமொடோரோ முறை, 25 நிமிட வேலைக்குப் பின் 5 நிமிட ஓய்வு என்று செல்கிறது. தொடங்கவே மனம் வராத இரவில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வினாக்கள் தயாரித்தல், எழுத்துப்பிழை பார்த்தல், காணொளிக்கு எழுத்துரை சேர்த்தல் ஆகிய துண்டு வேலைகளுக்கு அது அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. ஆனால் ஒரு கடினமான கருத்தை விளக்கி எழுதும்போது, சிந்தனை ஓடத் தொடங்கிய நேரத்தில் மணி அடித்து எழுப்பிவிடுவது நட்டமே. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெரோய் 2009இல் ஆய்ந்து காட்டினார். விளக்க எழுத்துக்கும் பதிவுக்கும் இரண்டு மூன்று மணிநேரம் தொடர்ச்சியாகத் தேவை, அதுவும் கைபேசி வேறு அறையில் இருக்கும் நிலையில். வேலைக்குச் செல்பவருக்கு அந்தத் தொடர்ச்சியை மாதந்தோறும் வரும் போயா விடுமுறை தருகிறது. அதை ஆண்டு தொடங்கும்போதே பதிவு நாளாகக் குறித்துவைப்பது நல்லது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எழுதுவதற்கு வீட்டைவிடக் கொழும்புப் பொது நூலகமோ வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகமோ மேல். அங்கே எவரும் நம்மைக் கடைக்கு அனுப்புவதில்லை. குரலைப் பதிவுசெய்ய மட்டும் வீடுதான் வழி. காலி வீதியின் ஹோன் சத்தமும் கரையோர ரயிலும் பாண் விற்கும் முச்சக்கர வண்டியின் இசையும் எழுவதற்கு முந்திய அதிகாலையே அதற்கு ஏற்றது.

ஆகவே முதன்முறையாகப் பாடநெறி ஒன்றைத் தயாரிப்பவர் கேட்டால், தவணை முறையையே தயங்காமல் பரிந்துரைப்பேன். பத்துப் பேர் கொண்ட குழுவும் எட்டு வாரமும் போதுமானவை. அந்த எட்டு வாரம் முடிந்ததும் முதல் வழியின் சிறப்புகளை எடுத்துக்கொள்ளலாம்: மாணவர்கள் கேட்ட கேள்விகளைப் பாடவாரியாகத் தொகுத்து, அதிகம் கேட்கப்பட்ட இடங்களைத் திரும்ப எழுதி, அந்தப் பாடங்களை மட்டும் மீண்டும் பதிவுசெய்து, அதன்பின் முழுத் தொகுப்பாக அடுத்த குழுவுக்குக் கூடிய விலையில் விற்கலாம்.