‘வெண்கலம்’ என்று விற்ற வால்வு: பழைய படகைத் தாங்களே பழுதுபார்ப்பவர்கள் கவனத்துக்கு

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கச்சான் காற்று விடியவே எழும்பிவிட்டது. நானும் அக்காவின் மகனும் படகில் இருந்தோம். பாயை ஏற்றுவதற்கு முன், சிங்குத் தண்ணீர் வெளியே போகும் வால்வை வழக்கம்போல மூடப் போனேன். கைப்பிடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சற்று அழுத்தினேன், அவ்வளவுதான். வால்வு முழுவதும் முறிந்து, குழாயோடு சேர்ந்து என் கைக்கு வந்துவிட்டது. படகின் அடியில் ஓர் அங்குலத் துளை. அதன் வழியாகக் கடல் உள்ளே ஏறுகிறது.

“மாமா, என்ன செய்ய?” என்று அவன் கத்தினான். பையில் கிடந்த சாரத்தை இழுத்துச் சுருட்டித் துளைக்குள் திணித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவன் தும்புத்தடியை முறித்து நுனியைக் கத்தியால் சீவித் தந்தான். துணியைச் சுற்றி அதை அடித்து இறுக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அதற்குள் தண்ணீர் கணுக்கால்வரை ஏறிவிட்டது. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் முழு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே ஓர் அங்குலத் துளை இருந்தால் நிமிடத்துக்கு 40 லீற்றருக்கு மேல் உள்ளே வரும். பற்றரியில் ஓடும் சின்னப் பம்ப் ஒன்று அதற்கு ஈடுகொடுக்காது. நாங்கள் இல்லாத நேரத்தில் முறிந்திருந்தால் மறுநாள் பாய்மரத்தின் நுனியைத்தான் பார்த்திருப்போம்.

என்னுடையது 26 அடிப் பைபர் படகு, 1976இல் இங்கிலாந்தில் கட்டியது. வாங்கியபோதே கிழடு. பாய் தைப்பது, உடல் தேய்ப்பது, பெயின்ற் அடிப்பது எல்லாம் நானே செய்வேன். மாசியில் மழை ஓய்ந்ததும் கரைக்கு இழுத்து, சித்திரைக்குள் மறுபடி இறக்கிவிடுவேன். வாடை மழைக்காலத்தில் பைபர் வேலை சரிவராது, பைபரை ஒட்டும் ரெசின் ஈரத்தில் ஒழுங்காகப் பிடிக்காது.

முறிந்த வால்வு அதற்கு முந்தின வருடம் போட்டது. பதினாறு மாதங்கூட நிற்கவில்லை.

அந்த முறை படகு கரையில் இருந்தபோது, படகுச் சாமான் விற்று வேலையும் செய்து கொடுக்கும் ஒருவர் வந்து பார்த்தார். பெயர் சொல்லப்போவதில்லை. உள்ளே இறங்கி, பழைய வால்வுகளைத் திருகிப் பார்த்தார். இரண்டு இறுகிப் போயிருந்தன. “தம்பி, இதெல்லாம் நாற்பது வருசச் சாமான், முடிஞ்சுது. கழட்டி எறியுங்கோ. என்னட்டை நல்ல வெண்கல வால்வு இருக்கு, மரைன் சாமான்” என்றார். அவரை நம்பினேன். அதற்குக் காரணமும் உண்டு. சுனாமிக்குப் பிறகு பைபர் படகுகள் குவிந்த ஊர் இது. பைபர் ஒட்டத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் வெளி இயந்திரம் பூட்டிய மீன்பிடிப் படகில் நீர்மட்டத்துக்குக் கீழே துளையே கிடையாது. அதனால் இந்த வால்வைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. தெரியும் என்று சொல்லி வந்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு வால்வு, அடிப்பாகத்தோடு 46,000 ரூபா. இறுகிய பழைய வால்வுகளைத் தானே கொண்டுபோய் எறிந்துவிடுவதாகச் சொல்லி எடுத்துப் போனார். மூன்றாவது, இயந்திரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் வால்வு, கை எட்டாத மூலையில் இருந்ததால் அதை விட்டுவிட்டோம்.

முறிந்த துண்டைக் கிண்ணியாவில் படகு வேலை செய்யும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கி, சுத்தியலின் முனையால் ஒரு தட்டுத் தட்டினார். உலோகச் சத்தம் வரவில்லை, காய்ந்த மண்ணைத் தட்டின மாதிரி இருந்தது. இரண்டாவது தட்டில் விளிம்பு உதிர்ந்தது. முறிந்த இடத்தைத் துடைத்துக் காட்டினார். மஞ்சளாக இருக்கவேண்டிய உலோகம் இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரிப் பொந்து பொந்தாக இருந்தது. “இது பித்தளை தம்பி. வீட்டுத் தண்ணிக் குழாய்க்குப் போடுறது” என்றார்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். சாதாரண பித்தளையை உப்புத் தண்ணீரில் விட்டால் துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்து போய்விடும். மிச்சம் நிற்பது செம்புக் கூடு மட்டும். வெளியே பார்த்தால் வால்வு முழுசாக, அதே உருவத்தில்தான் இருக்கும். பலம் மட்டும் இருக்காது. பற்றரி மின்சாரம் கசிந்து அரித்திருக்குமோ என்று மல்ரிமீற்றர் வைத்தும் பார்த்தேன், கசிவு இல்லை. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, அதில் இந்தத் தொல்லை கிடையாது. 1950இல் நம் ஊர் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது கிடைத்த கோணேசர் கோயில் வெண்கல விக்கிரகங்களை நினைத்துக்கொண்டேன். போர்த்துக்கேயர் காலத்தில் புதைத்தவை என்கிறார்கள். அவை கிடந்தது மண்ணுக்குள், என் வால்வு கிடந்தது கடலில், அது சரி. ஆனாலும் வெண்கலம் எப்படிப்பட்டது என்று நம் ஊருக்குத் தெரியாமலில்லை.

நானா இன்னொன்றையும் காட்டினார். கைப்பிடிக்குக் கீழே, உலோகத்தின் வகை எழுதியிருக்கவேண்டிய இடத்தில், அரம் போட்டு ராவிய கோடுகள். அதன்மேல் பச்சைப் பெயின்ற். அவர் போட்ட மற்ற வால்விலும் அதே இடத்தில் அதே ராவல். அறியாமல் விற்றார் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு நினைக்கவில்லை.

போய்க் கேட்டேன். “கடல் தண்ணி எல்லாத்தையும் தின்னுந்தானே தம்பி” என்றார். ராவிய இடத்தைக் காட்டினேன். பெட்டியில் வந்ததை அப்படியே தந்தேன் என்றார். சரி, என் பழைய வால்வுகளையாவது தாருங்கள் அண்ணை என்றேன். “அது அப்பவே இரும்புக்காரனுக்குப் போட்டுது.” பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால், ‘வால்வு 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. வெண்கலம் என்ற சொல்லே இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. அதை வாங்கினேன், ஆனால் உலோகத்தின் பெயரை எழுதச் சொல்லத் தோன்றவில்லை. அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம், ஆனால் என்ன சொல்லி விற்றார் என்பதற்கு என் கையில் அத்தாட்சி இல்லை.

எனக்கு அதைவிட வயிறெரிந்தது வேறு விசயத்தில். இயந்திரத்து வால்வைச் சுரண்டிப் பார்த்தேன். செம்மண் நிறம், அசல் வெண்கலம். அது கூம்பு வடிவத் தக்கை வைத்த பழைய வகை. இறுகிப்போனால் எறியத் தேவையில்லை. கழற்றி, கூம்பில் கிறைண்டிங் பேஸ்ட் பூசி, முன்னும் பின்னும் திருப்பித் தேய்த்து, கழுவி, கிறீஸ் போட்டால் சரியாகிவிடும். அரை நாள் வேலை. அதை நான் செய்து முடித்தபோது, ஒரு விரலால் திருப்பலாம் போல இருந்தது. இதே மாதிரி இரண்டைத்தான் காசும் கொடுத்து, வேலைக் கூலியும் கொடுத்து, அந்த மனிதரின் கையில் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் தந்த ரெசினும் பழையது. வேறு தகரத்தில் ஊற்றி வைத்திருந்தது. அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் சரியான அளவில் விட்டும் இரண்டு நாள் பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது. கடையிலேயே ஒரு சின்னக் கோப்பையில் கலந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வால்வு வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை. பித்தளையும் ஒட்டாது, வெண்கலமும் ஒட்டாது. முலாம் பூசியிருந்தால் நிறமும் தெரியாது. மறைவான ஓர் இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுக்கக் கேளுங்கள். பளிச்சென்ற மஞ்சள் தெரிந்து, வகை எழுத்தும் இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எழுத்துப் பொறித்திருந்தால் ‘சிடபிள்யூ 617 என்’ சாதாரண பித்தளை. ‘602 என்’ என்றிருந்தால் துத்தநாகம் எளிதில் கரையாத வகை, அதைப் போடலாம். எழுத்து ராவியிருந்தால் அதற்குமேல் கதைக்கவே வேண்டாம். ஏற்கெனவே படகில் பூட்டியிருந்தால், படகு கரையில் இருக்கும்போது மட்டும் சுத்தியலால் தட்டுங்கள், தண்ணீரில் தட்டிப் பார்க்கவேண்டாம். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் சீவிய மரத் தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். எங்களிடம் அது இருக்கவில்லை, தும்புத்தடிதான் இருந்தது.

முறிந்த வால்வை நீளவாக்கில் அறுத்து வீட்டில் வைத்திருக்கிறேன். உள்ளே இளஞ்சிவப்பு எதுவரை போயிருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். என்னைத் தெரிந்தவர்கள் வந்து பார்க்கலாம், உங்கள் வால்வையும் கொண்டுவாருங்கள். அரமும் வாளும் இருக்கின்றன.