கால்வாய் ‘பப் உலா’ என்று பணம் வாங்கி ஆற்றில் இறக்குகிறார்கள்: முன்பதிவுக்கு முன் படியுங்கள்

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவனிலிருந்து பாத் நகரம் வரை கென்னெட் அண்ட் ஏவன் கால்வாயில் துடுப்புப் போட்டுக்கொண்டு, வழியில் இரண்டு மூன்று பப்களில் கரையேறிச் சாப்பிட்டுப் போகும் ஒருநாள் பயணத்துக்குக் கோடை வந்தால் விளம்பரம் குவிகிறது. அதை ஒழுங்காக நடத்துபவர்கள் நிறையப் பேர் உண்டு. எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு இந்த ஆண்டு நம்பிப் பணம் கட்டிய ஏற்பாட்டாளர் அந்த ரகம் அல்ல.

தலைக்கு 48 பவுண்ட். மூன்று பப், வழிகாட்டி, உபகரணம், திரும்பி வர வண்டி எல்லாம் சேர்த்து என்று பேச்சு. முழுத் தொகையையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். முந்தின நாள் இரவு ஒரு குறுஞ்செய்தி: “கால்வாய் மூடியிருக்கிறது, பக்கத்து ஆற்றில் போகிறோம், காட்சி இன்னும் அழகாக இருக்கும்.” கால்வாயைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் எல்லாத் தடை அறிவிப்புகளையும் இணையத்தில் போடுகிறது. அந்தப் பகுதிக்கு அன்று எந்த அறிவிப்பும் இல்லை. காலையில் ஆற்றங்கரையில் எட்டுப் பேருக்கு ஒரே வழிகாட்டி. கையில் மீட்புக் கயிறு கிடையாது. மிதவைச் சட்டைகளில் பாதிக்கு மேல் அளவு பொருந்தவில்லை. குழு இறங்க மறுத்துவிட்டது. “நீங்களாக ரத்து செய்தீர்கள், பணம் வராது” என்று பதில். இதை எழுதும்வரை வரவும் இல்லை.

பணம் போனதைவிட அந்த இட மாற்றம்தான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. கால்வாயில் நீரோட்டம் இருக்கிறதா என்றே தெரியாது. பெரும்பாலான இடங்களில் விழுந்தாலும் காலூன்றி நிற்கலாம். அந்தக் கால்வாயை ஒட்டியே ஓடும் ஏவன் ஆறு வேறு கதை. அவான்கிளிஃப், வார்லி, பாத்தாம்ப்டன் மூன்று இடத்திலும் குறுக்கே தடுப்பணை உண்டு. மேலிருந்து வருபவருக்குத் தடுப்பணை கண்ணில் படுவதே கடினம். தண்ணீர் ஓரிடத்தில் நேர்க்கோடாக முடிவதுபோல் தெரியும், அவ்வளவுதான். அடியில் விழும் நீர் மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பச் சுருட்டி இழுக்கும். மழைக்குப் பின் அதில் சிக்கியவர் மிதவைச் சட்டை போட்டிருந்தாலும் தானாக வெளியே வருவது அரிது. வேல்ஸில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில் 2021 அக்டோபர் 30 அன்று, கட்டணம் வாங்கி நடத்திய துடுப்புப் பலகைப் பயணம் ஒன்று மழைவெள்ளத்தில் தடுப்பணை மேல் போய் நான்கு பேர் இறந்தார்கள். அதை நடத்தியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025-ல் அவருக்கு பத்தரை ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஆகவே கால்வாய் என்று பதிவு செய்த பயணத்தை ஆற்றுக்கு மாற்றினால், அது அரை மைல் தூரம்தான் என்றாலும், படகில் ஏறாதீர்கள்.

ஏன் மாற்றுகிறார்கள்? கால்வாயில் வாடகைப் படகு விட டிரஸ்டின் வணிக உரிமம் வேண்டும். அதற்குக் காப்பீடு காட்ட வேண்டும். இது இல்லாதவர்கள் கடைசி நேரத்தில் ஒரு காரணம் கண்டுபிடிப்பது வழக்கமாகி வருகிறது. “நாங்கள் பேடில் யூகே உறுப்பினர்கள், உரிமம் அதிலேயே அடங்கும்” என்று சொன்னால் நம்ப வேண்டாம். 2024 வரை பிரிட்டிஷ் கேனோயிங் என்ற பெயரில் இருந்த, துடுப்புப் படகு ஓட்டுபவர்களின் அமைப்புதான் அது. தனிநபர் உறுப்பினர் தன் சொந்தப் படகோடு போவதற்கான உரிமம் அதில் உண்டு. உங்களுக்குப் படகை வாடகைக்கு விட அது செல்லாது. வணிக உரிமமும் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவர் அன்றே அனுப்பிவிடுவார்.

விளம்பரத்தில் போட்ட நேரக்கணக்கைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிராட்ஃபோர்ட் லாக்கிலிருந்து (லாக் என்பது படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) பாத்தின் மேல் லாக் வரை சுமார் 9 மைல், நடுவில் லாக் எதுவும் இல்லை. அதனால்தான் புதியவர்களுக்கு ஏற்ற பாதை இது. பழக்கமில்லாத குழு கேனோ என்ற திறந்த துடுப்புப் படகில் மணிக்கு 2 முதல் இரண்டரை மைல்தான் போகும். கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் நாரோபோட்களை (ஒடுங்கிய நீளமான கால்வாய்ப் படகுகள்) தாண்டும்போது இன்னும் மெதுவாக. துடுப்புப் போடும் நேரம் மட்டுமே நாலு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு பப்புக்கு, எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பாடு வந்து முடிக்க, ஒரு மணி நேரம் போதாது. மேற்சொன்ன விளம்பரம் 11 மணிக்குக் கிளம்பி 4 மணிக்கு முடியும், மூன்று பப் என்றது. நடக்காத காரியம். மூன்று பப்பையும் படகிலிருந்து பார்க்கலாம், அவ்வளவே.

ஒழுங்காகத் திட்டமிட்டால் இரண்டு நிறுத்தம்தான் வரும். அவான்கிளிஃபில் ஆற்றோரம் க்ராஸ் கன்ஸ், கிளம்பிய முக்கால் மணி நேரத்தில். பிறகு ஜான் ரென்னி கட்டிய, கால்வாயையே சுமந்து செல்லும் டண்டாஸ் கற்பாலத்தின் மேல் ஆற்றைக் கடந்து (நிதானமாகப் போக வேண்டிய இடம், அவசரப்பட்டால் பாவம்) பாத்தாம்ப்டனில் கால்வாயை ஒட்டிய ஜார்ஜ். பல ஊர்ப்புற பப்களில் மதியச் சாப்பாடு இரண்டரை மூன்று மணியோடு நின்று மாலைதான் அடுப்பு மறுபடி பற்றும். எனவே முதல் பப்பிலேயே சாப்பிடும்படி வைத்துக்கொள்ளுங்கள். “மேசை சொல்லியாயிற்று” என்று ஏற்பாட்டாளர் சொன்னால் பப்புக்கே நேராகத் தொலைபேசியில் கேளுங்கள். அந்தக் குழு கேட்டிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். எந்த பப்பிலும் அவர்கள் பெயரில் மேசை இல்லை.

குடி விஷயத்தில் ஒரு வார்த்தை. 4 சதவீத பீர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, 2.3 யூனிட் (பிரிட்டனில் மதுவை அளக்கும் கணக்கு). உடல் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான் கழிக்கும். ஒரு பைன்ட் கழியவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விழுந்த கணத்தில் மூச்சு வாங்கும், போதையில் அது ஆபத்து. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பானம் இலவசம் என்று விற்பவரை ஒதுக்கிவிடுங்கள். போதையில் நடந்த விபத்துக்குப் பல காப்பீடுகள் கைகொடுக்காது.

கரையில் நின்றே சோதிக்க வேண்டியது மிதவைச் சட்டை. எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் பெரிசு, மாற்றச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு உள்பக்கச் சீட்டில் 50 நியூட்டன் என்று இருக்க வேண்டும். கயாக்கில் வடிகால் மூடி இருக்கிறதா, கேனோவில் முன்னும் பின்னும் கயிறு கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்தக் கயிறு இல்லாவிட்டால் பப் முன்னால் படகைக் கட்ட வழியில்லை. எலிச் சிறுநீர் வழியாக வரும் லெப்டோஸ்பைரோசிஸ் கால்வாய் நீரில் உண்டு. காயத்தை ஒட்டி மூடுங்கள், சாப்பாட்டைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

“பாத் நகர மையம்வரை” என்ற வாசகத்துக்கும் ஏமாறாதீர்கள். மேல் லாக்கையும் சேர்த்து ஆறு லாக்குகள் ஆற்றுக்கு இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் 35 கிலோ கேனோவைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும். மேல் லாக்கில் படகை யார், எத்தனை மணிக்கு வாங்கிக்கொள்கிறார் என்று எழுத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் தாமதக் கட்டணம் உங்கள் தலையில் விழும். திரும்பும் வண்டி வராவிட்டாலும் பயமில்லை, பாத் ஸ்பாவிலிருந்து பிராட்ஃபோர்டுக்கு ரயிலில் கால் மணி நேரம்தான்.

பணத்தை ஒருபோதும் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவையின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருக்கும்பட்சத்தில், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வங்கியிடமே கேட்கலாம். தலைக்கு 48 என்று தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் அது கைநழுவக்கூடும். குழு முழுவதற்கும் ஒரே ரசீதாக எழுதி வாங்குங்கள். டெபிட் கார்டானால் சார்ஜ்பேக், அதாவது கட்டிய தொகையை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை, கேளுங்கள். தேதி குறித்த பொழுதுபோக்குச் சேவைக்கு 14 நாள் ரத்து உரிமை பொருந்தாது, ஏற்பாட்டாளர் சொல்வதில் அது மட்டும் சரி. ஆனால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, நீங்கள் நம்பி முடிவெடுத்த அவர் வாக்குறுதி ஒப்பந்தத்தின் பகுதி. கால்வாய் என்று சொல்லி ஆற்றைக் கொடுப்பது அதை மீறுவது. ரத்து செய்தது நீங்கள் அல்ல. விளம்பரத்தின் படம், குறுஞ்செய்தி, அன்றைய தடை அறிவிப்புப் பக்கம் மூன்றையும் சேமித்து, 14 நாள் கெடு வைத்து கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள், அவர்கள் வணிக மோசடிகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்புவார்கள். 10,000 பவுண்ட் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே சிறுவழக்கு நீதிமன்றத்தில் போடலாம். உரிமம் இல்லாமல் கால்வாயில் படகு விடுகிறார் என்று தெரிந்தால் டிரஸ்டுக்கும் எழுதுங்கள்.